அட்டையில் 'வீகன்' என்று எழுதாத புத்தகங்கள்: டர்பன் வீட்டுக்கு ஒரு சமையல் அலமாரி

புதிதாக வீகன் (விலங்குப் பொருள் எதுவும் சேராத) உணவுக்கு மாறியவர்கள் முதல் மாதமே மாலில் உள்ள புத்தகக் கடைக்குப் போய், பச்சை இலை போட்ட பளபள அட்டைப் புத்தகம் நான்கைந்தை அள்ளி வருவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவற்றில் பாதி சமையலறைப் பக்கமே வந்திருக்காது. இது சோம்பலால் வருவதல்ல. அந்தப் புத்தகங்கள் முந்திரிச் சீஸையும் கேல் சாலடையும் பற்றிப் பேசுகின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ உள்ள தமிழ் வீட்டில் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு வேண்டியது பருப்பு, பீன்ஸ் கறி, ரொட்டி, பக்கத்தில் கொஞ்சம் ஊறுகாய்.

இந்த ஊர்த் தமிழர் சமையலில் இறைச்சியும் பாலும் முட்டையும் சேராத பதார்த்தங்கள் ஏராளம். ஆனால் அவை 'வீகன்' என்று பெயர் போட்ட புத்தகங்களில் அதிகம் கிடைக்காது. ஆயாக்களின் கையெழுத்து நோட்டிலும், கோயில் நிதிக்காக அச்சடித்த சுருள்கம்பிப் புத்தகத்திலும், கறி வகைகளுக்கே பேர்போன தடித்த நூல்களின் காய்கறி அத்தியாயத்திலும் கிடக்கின்றன. ஆகவே நான் சொல்லப்போகும் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழ்: வீட்டில் இருப்பதை முதலில் சேருங்கள், பொதுச் சமையல் நூல்களை அடுத்து, வீகன் நூல்களைக் கடைசியில்.

முதல் வாரம்: ஒன்றும் வாங்காதீர்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் சாதாரணமாகச் சமைப்பவற்றை எழுதுங்கள். விருந்துச் சமையல் வேண்டாம், வார நாள் சமையல் மட்டும். எழுதி முடித்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இப்படியே சரி', 'ஒரு பொருளை மாற்றினால் சரி', 'ஆகாது' என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் முதல் வகைதான் நீளும். சுகர் பீன்ஸ் கறி, டபுள் பீன்ஸும் கத்தரிக்காயும், உருளையும் பட்டாணியும், மதும்பிக் கிழங்கு (சேம்பு) புளிக்குழம்பு, கீரைக் கடைசல் (இங்கே பலரும் 'ஹெர்ப்ஸ்' என்பார்கள்), பலாக்காய்க் கறி, மதும்பி இலையில் கடலை மாவும் புளியும் தடவிச் சுருட்டி வேகவைக்கும் பூரிபத்தா, பருப்பு வடை. யாரும் இவற்றை வீகன் என்று நினைத்துச் செய்ததில்லை. பீன்ஸ் பன்னிச்சோவும் (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறி) இந்த வரிசைதான், ரொட்டியில் பால்பொடி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகையில் சோஜி, பாயசம், காய்கறிப் பிரியாணி, நெய் தடவிய ரொட்டி எல்லாம் வரும். மூன்றாம் வகை சிறியது. மோர்க்குழம்பை வீகனாக்குவதற்குப் பதில் வேறு குழம்பு வைப்பது உத்தமம் என்பது என் கட்சி.

இந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று சொல்லப்போவது அதுதான். பருப்புக் கறிக்கு நூறு செய்முறை உங்களுக்குத் தேவையில்லை. முட்டையில்லாத கேக் எப்படி எழும்பும் என்பதற்கு ஒரு நல்ல அத்தியாயம் தேவை. அந்த வித்தியாசம் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். புரட்டாசியில் (செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை) இங்குள்ள தமிழ் வீடுகள் பல இறைச்சியை விலக்குகின்றன. தைப்பூசக் காவடிக்கு முன்னும் விரதம் உண்டு. அந்தச் சமையல் சைவம், ஆனால் வீகன் அல்ல. நெய், பால், தயிர், மாஸ் (புளித்த பால்), சில வீட்டில் தேன், எல்லாம் அதில் தாராளமாக வரும். புரட்டாசிப் புத்தகம் என்று வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. ஆனால் பாதி வழி நடந்தாயிற்று.

பால் விலக்குவது மேல்நாட்டு மோகம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அவர்களிடம் டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றிச் சொல்லுங்கள். ஜோகன்னஸ்பர்க் அருகே லாலியில் 1910இல் தொடங்கிய அந்தப் பண்ணையில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்ந்தன, அவர்களில் தமிழர் பலர். காந்தியும் அவர் நண்பர் காலன்பாக்கும் 1912இல் பாலை விட்டது அங்கேதான். 'வீகன்' என்ற சொல்லோடு இங்கிலாந்தில் சங்கம் பிறந்தது 1944 நவம்பரில்தான்.

இரண்டாவது: வீட்டுக்குள் இருக்கும் நூலகம்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழியுங்கள். பணம் செலவாகாது, ஆனால் தள்ளிப்போட்டால் தொலைந்துபோகும் பகுதி இது.

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது முதல், கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஊரின் சமையலை இங்கே கிடைத்த பொருளோடு பொருத்தினார்கள். கேழ்வரகு இருந்த இடத்தில் மீலி மீல் (மக்காச்சோள மாவு) வந்தது, சேம்புக்கு மதும்பி என்ற பெயர் வந்தது. இந்த மாற்றங்களில் பெரும்பகுதி எந்த அச்சுப் புத்தகத்திலும் ஏறவில்லை. வாய்வழியாகவும், பள்ளி நோட்டில் பென்சிலாலும், பலசமயம் ஆங்கில எழுத்திலும் வந்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் குடும்பத்தில் அப்படி நோட்டு இருந்தால் கேளுங்கள். நீங்கள் அண்மையில் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர் என்றால் பக்கத்து வீட்டு ஆயாவிடம், கோயிலில் சமைக்கும் பெரியம்மாவிடம் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "உங்கள் வீகன் ரெசிபி கொடுங்கள்" என்றால் "நமக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றுதான் பதில் வரும். "விரதத்துக்கு என்ன செய்வீங்க ஆயா? நெய் இல்லாத நாளில் எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டால் பேச்சு நிற்காது. பழைய தோட்டக் காலத்தில் பால் மலிவில்லை, நெய் பண்டிகைக்கு மட்டும். ஆகவே மிகப் பழைய செய்முறை எதுவோ அதுவே வீகனுக்கு மிக அருகில் இருக்கும்.

காலமும் பார்த்துக் கேளுங்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்களில் கோயில் அடுப்படியில் நின்றால் போதும், கேட்காமலே சொல்வார்கள். புளித்த மாவுக் கூழை மாஸ் கலக்கும் முன்பே ஒரு கிண்ணம் தனியே எடுத்து, வெங்காயமும் உப்பும் மட்டும் சேர்த்துக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளும் நல்ல நேரம். கல்யாண வீட்டு முந்தின நாள் மட்டும் வேண்டாம், யாருக்கும் பொறுமை இருக்காது.

செய்முறையைச் சேகரிக்கும்போது வார்த்தையை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். "ஒரு மக்கு மாவு" என்பது எந்த மக்கு என்று ஆயாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சமையலறைத் தராசோடு போய், அவர் கை எடுக்கும் அளவைப் பாத்திரத்தில் விழும் முன் நிறுத்துப் பாருங்கள். புளி எவ்வளவு, மசாலா எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு. நேரத்தையும் நிறத்தையும் குறியுங்கள்: "வெங்காயம் பொன்னிறமானதும்", "எண்ணெய் மேலே மிதந்ததும்". பக்கத்தின் மேல்மூலையில் யார் சொன்னது, எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். அசல் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும், வெறும் பக்கத்தையும் சேர்த்தே, பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படமெடுங்கள். ஓரத்தில் கிறுக்கிய பால்காரன் கணக்குகூட அந்த நோட்டு எந்தக் காலத்தது என்று காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, கோயில், பள்ளி, பெண்கள் சங்கம் ஆகியவை நிதிக்காக அச்சடித்தவை. சுருள்கம்பி போட்டு, நடுவில் நகைக்கடை விளம்பரத்தோடு வரும் இவற்றைப் படித்தவர்கள் ஏளனமாகப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அலமாரியில் முதல் வரிசை இவற்றுக்குத்தான். ஒவ்வொரு செய்முறையின் கீழும் ஒரு பெண்மணியின் பெயர் இருக்கும். தன் பெயர் போட்ட செய்முறை சொதப்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது என்பதால் அளவுகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வழக்கமான கடைகளில் இவை வராது. கோயில் அலுவலகம், ஹாஸ்பைஸ் கடை, எஸ்.பி.சி.ஏ. கடை (இரண்டும் பழைய பொருள் விற்கும் தர்மக் கடைகள்), சர்ச் சந்தை, வீட்டைக் காலி செய்பவர்கள் போடும் அட்டைப்பெட்டி, இங்கெல்லாம் தேடுங்கள்.

மூன்றாவது: வீகன் அல்லாத இரண்டு தடித்த புத்தகங்கள்

முதலாவது 'இந்தியன் டிலைட்ஸ்'. டர்பனின் 'விமன்ஸ் கல்ச்சுரல் குரூப்' என்ற பெண்கள் அமைப்பு சுலைகா மாயத்தைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1961இல் முதலில் வெளியிட்ட நூல். இன்றுவரை மறுபதிப்பு கண்டு வருகிறது, கல்யாணப் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுப்பது இங்கே வழக்கம். இறைச்சி அத்தியாயங்கள் கனமானவைதான். அவற்றைத் தாண்டிப் போங்கள். காய்கறி, பருப்பு, ஊறுகாய், சட்னிப் பகுதிகளில் எண்ணெயில் தொடங்கி எண்ணெயில் முடியும் பதார்த்தங்கள் நிறைய. தென்னாப்பிரிக்கக் கடையில் கிடைக்கும் பொருளை, இங்குள்ள பெயரிலேயே சொல்லும் புத்தகம் என்பதே போதிய காரணம்.

இரண்டாவது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951இல் வந்தது, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு மொழிப் பிரதியும் வைத்திருப்பது நல்லது. முட்டையும் இறைச்சியும் எங்கும் இல்லை. நெய்யும் பாலும் மோரும் உண்டு. பழைய பதிப்பு கையில் கிடைத்தால் அளவுகள் படி, ஆழாக்கு, பலம் என்று இருக்கும். 8 ஆழாக்கு ஒரு படி, ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். அந்தப் புத்தகத்தின் உள்ளட்டையிலேயே இதை எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாங்கியதும் உட்கார்ந்து, பென்சிலோடு முழுவதும் புரட்டுங்கள். பேனா கூடாது. அப்படியே வீகனாக இருப்பதற்கு ஒரு வட்டம், ஒரு பொருளை மாற்றினால் ஆவதற்கு முக்கோணம். மற்றதை விட்டுவிடுங்கள். முக்கோணத்தின் பக்கத்தில் மாற்று என்ன என்றும் எழுத வேண்டும், இல்லையென்றால் அடுப்பு முன்னால் நின்று யோசிப்பீர்கள். எனக்குச் சரிவந்த மாற்றுகள் இவை:

தாளிக்கும் நெய்க்குச் சூரியகாந்தி எண்ணெய் போதும், மணம் வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெய். சோஜிக்கு ரவையைத் தேங்காய் எண்ணெயில் பொறுமையாக வறுத்தால் நெய் இல்லாததை யாரும் கண்டுபிடிப்பதில்லை, ஏலக்காயைக் கொஞ்சம் கூட்டுங்கள். பாயசத்துக்குத் தேங்காய்ப்பால், ஆனால் ஜவ்வரிசியும் சேமியாவும் தண்ணீரிலேயே வெந்த பிறகு கடைசியில் ஊற்றி, கொதி வரும் முன் இறக்க வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். பிரியாணித் தயிருக்குக் கெட்டித் தேங்காய்ப்பாலில் எலுமிச்சை பிழிந்து பத்து நிமிடம் விட்டுச் சேர்க்கலாம். பன்னீருக்குக் கெட்டி டோஃபு (சோயாப் பன்னீர்), அதை ஒரு துணியில் சுற்றி மேலே கனமான எதையாவது வைத்து நீரைப் பிழிந்துவிட்டு வறுக்க வேண்டும். மைசூர்ப்பாகை நான் முக்கோணத்தில் சேர்ப்பதில்லை. செய்யலாம் என்பார்கள். செய்து பார்த்தவர்கள் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கடையில் வாங்கும் கூட்டுப்பொருள்களில் ஒளிந்திருக்கும் விலங்குப் பொருள்களையும் உள்ளட்டையில் குறியுங்கள்: ஜெலட்டின், கேசின், வே எனும் மோர்ப்புரதம், இ120 என்ற சிவப்பு நிறமி (பூச்சியிலிருந்து எடுப்பது), வூஸ்டர் சாஸில் நெத்திலி. சில மார்கரின்களிலும் பால்பொருள் கலந்திருக்கும்.

நான்காவது: இப்போது வீகன் புத்தகம் வாங்கலாம்

கையில் அந்தத் தாள் இருக்கிறது. உங்கள் மரபில் இல்லாத வித்தைக்கு மட்டுமே வீகன் நூலை வாங்குங்கள். முட்டையில்லாத பேக்கிங், பால் இல்லாத கிரீம் வகைகள், டோஃபு, டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) கையாளுதல், சத்துணவுக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி டப்பா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல புத்தகம் போதும், மூன்று வேண்டாம்.

பொதுவான ஒரு பெரிய கையேடு வேண்டுமென்றால் ஈசா சந்திரா மாஸ்கோவிட்ஸும் டெர்ரி ஹோப் ரொமேரோவும் 2007இல் எழுதிய 'வீகனாமிகான்' இன்னும் வேலை செய்கிறது. அமெரிக்கச் சமையல்தான், ஆனால் எதை எதற்குப் பதில் போடுவது என்ற அடிப்படை அதில் தெளிவு. இந்தியச் சமையலுக்கு ரிச்சா ஹிங்லேயின் 2015 நூல் 'வீகன் ரிச்சாஸ் இந்தியன் கிச்சன்' பலருக்குப் பிடிக்கும். வடநாட்டுச் சுவை தூக்கலானது, நம் வீட்டுப் பருப்புக்கு அது தேவையில்லை. இனிப்புகளுக்காக வேண்டுமானால் வாங்குங்கள்.

பழைய புத்தகம் கண்ணில் பட்டால் வெளியான ஆண்டைப் பாருங்கள். வீகன் சமையல் நூல் வரலாறு நீளமில்லை. ஃபே ஹெண்டர்சன் தொகுத்த 'வீகன் ரெசிப்பீஸ்' இங்கிலாந்தில் 1946இல் வந்தது, போருக்குப் பிந்திய ரேஷன் காலம். அந்தக் காலத்து நூல்கள் கையில் கிடைத்தால் சேகரிப்புக்காக வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு எல்லைக்கல் 2015. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை முட்டை வெள்ளைபோல அடித்து நுரைக்கவைக்கும் வித்தை பிரான்சில் 2014இல் வெளிப்பட்டு, அடுத்த ஆண்டு 'அக்வாஃபாபா' என்ற பெயரோடு உலகமெங்கும் பரவியது. அதற்கு முன் வந்த நூலில் மெரிங் (முட்டை வெள்ளை நுரை இனிப்பு) செய்முறை இருந்தால் அது வேறு ஏதோ பவுடரை நம்பியிருக்கும். ஒரு முட்டைக்கு 3 மேசைக்கரண்டி அந்தத் தண்ணீர். டப்பாவில் அடைத்த கடலையின் தண்ணீர் சுலபம், வீட்டில் வேகவைத்தது நீர்த்திருந்தால் கொஞ்சம் வற்றவிட வேண்டும். கனமான கேக்குக்கு ஆளிவிதைப் பொடி 1 மேசைக்கரண்டியும் தண்ணீர் 3 மேசைக்கரண்டியும் குழைத்தாலே போதும்.

கடையில் நின்றபடி ஒரு வீகன் புத்தகத்தை எடைபோட எனக்கு மூன்று சோதனைகள் உண்டு. முதலில் பின்னால் உள்ள பொருளகராதி. அதில் 'பீன்ஸ்', 'பட்டர்நட்' (ஒரு வகைப் பூசணி), 'முட்டைக்கோஸ்' போன்ற பெயர்களின் கீழ் எத்தனை பக்க எண் இருக்கிறது? அகராதியே இல்லாத புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து, எங்காவது ஒரு பக்கத்தில் வைட்டமின் பி12 பற்றிப் பேசியிருக்கிறதா? செடிகொடி உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது, சத்தேற்றிய உணவோ மாத்திரையோ வேண்டும். புளித்த கூழே போதும், கடற்பாசியே போதும் என்று சொல்லும் புத்தகத்தை வாங்காதீர்கள், அதன் மற்ற உடல்நல அறிவுரையையும் நம்பாதீர்கள். கடைசியாக மூன்று செய்முறையைக் கண்மூடித் திறந்து பாருங்கள். விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தையிலோ உங்கள் சூப்பர் மார்க்கெட்டிலோ கிடைக்காத பொருள் மூன்றிலும் இருந்தால் அது படம் பார்க்கும் புத்தகம்.

புதுப்புத்தகத்துக்கு இங்கே 15 விழுக்காடு வாட் வரி உண்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அதோடு அனுப்புச் செலவும் சேரும். அதனால்தான் முதலில் நூலகம் என்கிறேன். டர்பனின் ஈத்தெக்வினி நகராட்சி நூலகங்களில் சமையல் நூல்கள் 641.5 என்ற எண்ணின் கீழ் இருக்கும், சைவ வகை 641.5636. அந்த அலமாரிக்கு நேராகப் போங்கள். இரவல் எடுத்து மூன்று பதார்த்தம் சமைத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுத்த பின்னும் அதில் ஒன்றை மறுபடி செய்ய மனம் கேட்டால் வாங்குங்கள். கேட்காவிட்டால் ஒரு புத்தகத்தின் விலை மிச்சம்.

அச்சில் இல்லாத தென்னாப்பிரிக்க நூலைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகராட்சி நூலகம் இருக்கிறது. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி சென்று சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. இந்திய வம்சாவளியினர் சார்ந்த பழைய வெளியீடுகளுக்கு க்வாஸூலு-நேட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது: ஒரு மாற்றுத் தாள்

வெளிநாட்டுப் புத்தகம் வந்ததும் தொடங்கும் தொல்லை அளவும் பெயரும். ஒவ்வொரு முறையும் தேடாமல், ஒரு அட்டையில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் உள்பக்கம் தொங்கவிடுங்கள்.

இங்குள்ள கப் 250 மில்லி, அமெரிக்கக் கப் சுமார் 240. கறிக்கு இது பொருட்டே இல்லை, கேக்குக்குப் பொருட்டுண்டு. மேசைக்கரண்டி இங்கே 15 மில்லி, ஆஸ்திரேலியப் புத்தகத்தில் 20. அமெரிக்கர் 'ஒரு ஸ்டிக்' என்றால் 113 கிராம். 350 ஃபாரன்ஹீட் என்றால் நம் அடுப்பில் 180 டிகிரி, பழைய பிரிட்டிஷ் நூலின் கேஸ் மார்க் 4உம் அதுவே. அவர்களுடைய 15 அவுன்ஸ் டப்பா 425 கிராம், இங்குள்ள 400, 410 கிராம் டப்பாவே போதும்.

மாவில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். நம் கடையில் 'கேக் ஃப்ளவர்' என்று விற்பது அமெரிக்கப் புத்தகத்தின் சாதாரண 'ஆல் பர்பஸ்' மாவுக்கு ஈடு. அமெரிக்கர் 'கேக் ஃப்ளவர்' என்று சொல்வது அதைவிட மெல்லியது, அதற்கு நம் மாவில் ஒரு கப்புக்கு 2 மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவு மைசீனா (மக்காச்சோள ஸ்டார்ச்) சேர்க்க வேண்டும். அமெரிக்கரின் 'கார்ன்ஸ்டார்ச்', ஆங்கிலேயரின் 'கார்ன்ஃப்ளவர்' இரண்டும் மைசீனாவே. எக்பிளான்ட், ஆபர்ஜின் என்பது கத்தரிக்காய், சுக்கினி என்பது பேபி மேரோ, சிலான்ட்ரோ என்பது தனியா இலை. பின்டோ, பொர்லோட்டி பீன்ஸ் கேட்டால் சுகர் பீன்ஸ் போடுங்கள். துவரைக்கு இங்கே ஆயில் தால் என்று கேட்க வேண்டும்.

காரத்தைப் பற்றித் தனியே ஒரு வரி எழுதுங்கள். பிரிட்டிஷ் நூலில் 'கறிப் பவுடர் 2 மேசைக்கரண்டி' என்றால் அது மஞ்சளும் மல்லியும் தூக்கலான சாதுவான பொடி. அதே அளவு டர்பன் மசாலாவைப் போட்டால் விருந்தாளி அழுதுகொண்டே போவார். பாதியில் தொடங்குங்கள்.

பருவமும் தலைகீழ். வட அரைக்கோளத்து நூலில் அக்டோபருக்குப் பூசணிச் சூப், ஜூனுக்குக் குளிர்ந்த சாலட் என்றிருக்கும். இங்கே ஆறு மாதம் கூட்டிப் படிக்க வேண்டும். மாத வாரியாகப் பிரித்த புத்தகமானால் ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் பென்சிலால் நம் மாதத்தை எழுதிவிடுங்கள். லிச்சி டிசம்பரில்தான் வரும், எந்தப் புத்தகம் என்ன சொன்னாலும்.

லெனேசியாவில், ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே உயரம் சுமார் 1,700 மீட்டர். தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கடற்கரையில் எழுதிய புத்தகம் பீன்ஸுக்கு ஒரு மணி நேரம் என்றால் உங்களுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடும், குக்கர் இல்லாமல் மல்லுக்கட்டாதீர்கள். கேக்குக்குப் பேக்கிங் பவுடரைச் சிறிது குறைக்க வேண்டும், இல்லையென்றால் வேகமாக எழுந்து நடுவில் அமுங்கும்.

ஆறாவது: உங்கள் சொந்த அகராதி

புத்தகம் பத்தைத் தாண்டியதும் எது எதில் இருக்கிறது என்பது மறந்துபோகும். கைபேசியில் தேடுவது சுலபமாகத் தோன்றும், அலமாரி அப்படியே தூசி படியும். ஒரு சாதாரண நோட்டை வாங்கிக் காய்கறிப் பெயர் வரிசையில் பக்கம் பிரியுங்கள். சமைத்துப் பார்த்து நன்றாக வந்ததை மட்டும் எழுதுங்கள்: காய், புத்தகத்தின் அடையாளம், பக்க எண், ஒரு குறிப்பு. "மதும்பி, கோயில் புத்தகம், ப. 31, புளி பாதி போதும்." "பட்டர்நட், நீல அட்டை, ப. 112, தேங்காய்ப்பால் வேண்டாம்."

சந்தையிலிருந்து காய் வந்த பிறகுதான் நாம் புத்தகத்தைத் தேடுகிறோம். காய் வரிசையில் வைத்த நோட்டு இருந்தால் மலிவாகக் கிடைத்த இரண்டு கிலோ கத்தரிக்காயோடு வீட்டுக்கு வந்த நாளில் ஒரு நிமிடத்தில் வழி காட்டும். கணினியில் அட்டவணையாகவும் வைக்கலாம். என் வீட்டில் நோட்டுதான் நிலைத்தது, எண்ணெய்க் கையோடும் புரட்டலாம்.

வருடம் ஒருமுறை நோட்டைப் பார்த்து, ஒரு தடவைகூட அதில் பெயர் வராத புத்தகத்தை எடுத்துக் கோயில் நூலகத்துக்கோ ஹாஸ்பைஸ் கடைக்கோ கொடுத்துவிடுங்கள். கையெழுத்து நோட்டுகளுக்கும் கோயில் புத்தகங்களுக்கும் இந்த விதி கிடையாது. அவை இன்னொரு இடத்தில் கிடைக்காது.

ஏழாவது: டர்பன் ஈரமும் ராமபாணமும்

கோடையில் இங்கே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். 65ஐத் தாண்டினாலே தாளில் பூஞ்சை பிடிக்கும். புத்தகத்தை அடுப்புக்கு மேலே வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே கைவிரல் நுழையும் இடைவெளி விடுங்கள். நெருக்கித் திணிக்காதீர்கள், காற்றோட வேண்டும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, ஈரம் இழுத்துக் கொழுத்ததும் மாற்றுங்கள். பழைய நோட்டுகளை அமிலமில்லா உறையில் தனித்தனியே வையுங்கள், அன்றாடம் சமைக்க அவற்றின் நகலைப் பயன்படுத்துங்கள்.

ஃபிஷ்மாத் என்று இங்கே சொல்லும் ராமபாணப் பூச்சிக்குப் பசையும் மாவுத் துகளும் பிடிக்கும், சமையல் புத்தகத்தில் இரண்டும் உண்டு. ஹாஸ்பைஸ் கடையிலிருந்து கொண்டுவந்த எந்தப் புத்தகத்தையும் நேரே அலமாரியில் சேர்க்காதீர்கள். பக்கங்களை வெளியே வைத்துத் துலக்கி, பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். பட்டாணிப் பொட்டலத்தோடு புத்தகம் இருப்பதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு முழு நாள் அறைச் சூட்டுக்கு வந்த பின் திறந்தால்தான் காற்றின் ஈரம் தாளில் படியாமல், பையின் வெளிப்பக்கத்திலேயே நிற்கும்.